டிசம்பர் வந்தால் சிங்க் அடைக்கிறது: கொடைக்கானல் மெஸ்ஸிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நானும் என் கணவரும் மெஸ் நடத்துகிறோம். ஒரு பந்திக்கு நாற்பது பேர் உட்காரலாம். மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா சால்னா, சனி ஞாயிறு மட்டன் பிரியாணி. சிங்க் தண்ணீரில் வரும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிரீஸ் ட்ராப் கட்டாயம் என்று சொன்னதால் இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்டீல் பெட்டி ஒன்று வாங்கி வைத்தோம். உள்ளே 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், தண்ணீர் 1 அடி உயரம் நிற்கும். சிங்க்கிலிருந்து 20 அடி தள்ளி, பின்சுவர் ஓரம் இருக்கிறது. சிங்க் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய பெட்டி அளவு. டிசம்பர், ஜனவரி வந்தால் வாரம் ஒருமுறை அடைப்பு, சமையல் கட்டு முழுக்கத் தண்ணீர். பிளம்பர் கொதிக்கிற தண்ணீரும் ஆசிட்டும் ஊற்றித் திறந்துவிட்டுப் போகிறார், எல்லாம் குளிரால் வருவது என்கிறார். கீழ் வீட்டுக்காரரோ தன் தோட்டத்துக் கல்சுவரில் எண்ணெய்த் தண்ணீர் கசிகிறது என்று சண்டைக்கு வருகிறார். என்சைம் பவுடர் போட்டால் ட்ராப்பைத் திறக்கவே வேண்டாம் என்று ஒருவர் வந்து சொன்னார். பாத்திரம் தேய்க்கும் அக்கா நாற்றம் தாங்காமல் மூடியைத் தொட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? ட்ராப்பை எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அம்மா, அளவெல்லாம் எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. அது இல்லாமல் இந்தப் பதிலே சொல்லியிருக்க முடியாது.

உங்கள் பிளம்பர் சொல்வது பாதி சரி. கொழுப்பு குளிரில் உறைகிறது என்பது உண்மைதான். ஆனால் கிரீஸ் ட்ராப் என்பதே கொழுப்பைக் குளிரவைத்து, மிதக்கவிட்டு, பிடித்து வைக்கும் பெட்டி. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் ட்ராப்புக்குள் தண்ணீர் ஆறவில்லையே என்று கஷ்டப்படுவோம். உங்களுக்கு அந்தக் குளிர் இலவசமாகக் கிடைக்கிறது. உறைவது சரி, உறையும் இடம்தான் தப்பு. ட்ராப்புக்குள் உறைய வேண்டியதில் ஒரு பங்கு, அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே 20 அடிக் குழாயில் உறைகிறது. இன்னொரு பங்கு ட்ராப்பைத் தாண்டிப் போய் செப்டிக் டாங்க்கிலும், அதன் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியிலும் படிகிறது. உங்கள் சிங்க் அடைப்புக்கு முதலாவது காரணம், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு இரண்டாவது.

எந்தக் கொழுப்பு எப்போது உறையும் என்று தெரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேலேயே இறுக ஆரம்பித்துவிடும். பரோட்டாவுக்குப் போடும் டால்டா 35 டிகிரி வாக்கில். சால்னாவில் அரைத்துவிடும் தேங்காயின் எண்ணெய் 24 டிகிரியில். பாமாயில் 10 டிகிரியை நெருங்கும்போது கலங்கித் தடித்துவிடும். சூரியகாந்தி எண்ணெய் மட்டும் உங்கள் ஊர்க் குளிரிலும் உறையாது. கொடைக்கானலில் மார்கழி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம், ஏரிக்கரைப் பக்கம் உறைபனியே விழும். வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்து ஓடும் பிவிசி குழாய்க்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கும்? ராத்திரி பத்து மணிக்குக் கடைசிப் பந்தி முடிந்து, பிரியாணி அண்டாவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறீர்கள். முதல் 5 அடியைச் சூட்டோடு தாண்டும், அப்புறம் குழாயின் அடிப்பக்கத்தில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. மறுநாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. ஒரு வாரம் இப்படிப் போனால் 3 அங்குலக் குழாயில் விரல் நுழையும் ஓட்டைதான் மிஞ்சும், அதையும் ஒரு சோற்றுப் பருக்கைக் கூட்டம் வந்து மூடிவிடும்.

கொதிக்கிற தண்ணீர் இந்தப் பூச்சை அழிப்பதில்லை, இளக்கி 10, 15 அடி தள்ளிக் கொண்டுபோய் மறுபடி உறையவிடுகிறது. எட்டும் இடத்தில் இருந்த அடைப்பு எட்டாத இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். போகிற வழியில் ட்ராப்பில் பிடிபட்டிருந்த கொழுப்பையும் உருக்கி வெளியே அனுப்பிவிடும். ஆசிட் அதைவிட மோசம். கொழுப்பை அது ஒன்றும் செய்யாது, சிமெண்ட் தொட்டியைத்தான் அரிக்கும். அதே சிங்க்கில் பிளீச்சிங் பவுடர் கரைசலும் இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் சமையல் கட்டில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடா கொழுப்பைச் சோப்பாக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் பாதி ஆன சோப்பு வளைவில் போய்க் கல்லாகி நின்றால், குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அடைத்துவிட்டது என்றால் குழாய்க்குள் ஸ்பிரிங் (நீளச் சுருள் கம்பி) விட்டு இழுத்து வெளியே எடுப்பதுதான் வழி. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும், தள்ளிவிடக் கூடாது.

சரி, குழாயை என்ன செய்யலாம்? ஸ்டீல் பெட்டியைக் கழற்றி, சமையல் கட்டுச் சுவருக்கு வெளியே சிங்க்கை ஒட்டி, 4, 5 அடிக்குள் வையுங்கள். சுடுதண்ணீர் குழாயில் ஆறுவதற்கு முன்பே பெட்டிக்குள் வந்துவிட வேண்டும். அங்கிருந்து பின்பக்கம் போகும் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். 15 அடிக்கு நாலு அங்குலம் வரை இறங்க வேண்டும். வெயில் மழையில் தொய்ந்து நடுவில் தொட்டில் போட்டிருந்தால் அங்கே ஒரு கிளாம்ப் கூடுதலாகப் போடுங்கள். திரும்பும் இடங்களில் சாதா பெண்டை எடுத்துவிட்டு டோர் பெண்ட், அதாவது திறந்து சுத்தம் செய்ய மூடி வைத்த வளைவு. ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறையைப் போல் பெரிய அளவிலும் கிடைக்கும், வாங்கிக் குழாய் முழுக்கச் சுற்றி, மேலே டேப் ஒட்டுங்கள். பெரிய செலவில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். முதலில் மூடியைத் திறந்து, தண்ணீரை இறைத்துவிட்டு, வெளியே போகும் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே 'T' வடிவக் குழாய்த் துண்டு (டீ என்பார்கள்) ஒன்று இருக்க வேண்டும், அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பும் போகாமல், அடியில் படியும் சகதியும் போகாமல், நடுத்தண்ணீரை மட்டும் உறிஞ்சுவது அந்தக் கால்தான். சுத்தம் செய்கிறவர்கள் கைக்கு இடைஞ்சல் என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவது உண்டு. கால் இல்லாவிட்டால் அது ட்ராப்பே இல்லை, வெறும் தொட்டி. நடுவில் இருக்கும் தடுப்புத் தகடும் ஆடாமல் அதன் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அளவு. நீங்கள் எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டால் 3 கன அடி, அதாவது 85 லிட்டர். சிங்க்கும் இரண்டு என்கிறீர்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் முக்கால் நிரப்பி, இரண்டு அடைப்பானையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் சுமார் 125 லிட்டர் இரண்டு நிமிடத்தில் இறங்கும். 85 லிட்டர் பெட்டியில் அந்தத் தண்ணீர் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தங்கும். எண்ணெய் பிரிந்து மேலே வரவும் முடியாது, ஆறவும் முடியாது. இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: ஒரு சிங்க் காலியான பிறகுதான் மற்றதன் அடைப்பானை எடுக்க வேண்டும் என்று சொல்லிவைப்பது. காசு செலவில்லாமல் பாதி வேகம் குறையும். பெட்டியோடு வேகக் கட்டுப்பாட்டுத் தகடு ஏதாவது கொடுத்திருந்தால், அதைப் பரணில் தேடி எடுத்து உள்ளே வரும் குழாயில் மாட்டுங்கள்.

நிரந்தரத் தீர்வு, பெட்டி இப்போது இருக்கும் பின்சுவர் ஓரத்தில் ஒரு சேம்பர், அதாவது கொழுப்பைப் பிடிக்கும் பெரிய சிமெண்ட் தொட்டி, கட்டுவது. எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. ராத்திரி பாத்திரம் தேய்க்கும் உச்ச நேரத்தில் கடைசிக் குழாய் முனையில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். எத்தனை நேரத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள், மூன்று நாலு தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரம் தங்க 600 லிட்டர் வேண்டும். 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், தண்ணீர் ஆழம் இரண்டேகால் அடி என்றால் 635 லிட்டர் வந்துவிடும். உங்கள் குளிரில் அரை மணி நேரம் நின்ற தண்ணீரில் டால்டாவோ ஆட்டுக் கொழுப்போ உருகிய நிலையில் இருக்கவே இருக்காது. கக்கூஸ் லைனை இதில் சேர்க்கக் கூடாது. கூரைத் தண்ணீர் விழும் இடமாகவும் இருக்கக் கூடாது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி பீலித் தண்ணீர் உள்ளே இறங்கினால், ஒரு மாதம் சேர்த்த கொழுப்பு மொத்தமும் காலையில் உறிஞ்சு குழியில் இருக்கும்.

இதெல்லாம் இரும்பும் சிமெண்டும். நீங்கள் எழுதாமல் விட்டது சமையல் கட்டுக்குள் நடப்பது, என் பார்வையில் பாதிக்கு மேல் விஷயம் அங்கேதான். மதியச் சோறு வடித்த கஞ்சி எங்கே போகிறது? பெரும்பாலான மெஸ்களில் நேராகச் சிங்க்கில்தான். கொதிக்கக் கொதிக்க இறங்கும் கஞ்சி, ட்ராப்பில் உறைந்ததை இளக்கிவிடும். அதில் உள்ள மாவுச்சத்து அடியில் படிந்து இரண்டே நாளில் புளிக்கும். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த நாற்றத்தில் பெரும்பங்கு கொழுப்புடையது இல்லை, கஞ்சியுடையது. மாடு வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் வாளியோடு வந்து வாங்கிப் போவார். மிஞ்சிய தோசை மாவு, டீத்தூள் சக்கை, கறிவேப்பிலை, எலும்புத் துணுக்கு எதுவும் சிங்க்குக்குப் போக வேண்டாம். ஜல்லடைக் கூடை ஒன்று சிங்க் வாயில் எப்போதும் இருக்கட்டும்.

சால்னா அண்டா, பிரியாணி அண்டா, பரோட்டாக் கல், இந்த மூன்றும்தான் உங்கள் கொழுப்பில் பெரும்பகுதியைக் கொண்டுவருகிறவை. கழுவுவதற்கு முன்னால் ரப்பர் ஸ்கிராப்பரால் வழித்து ஒரு டப்பாவில் போட்டு, பழைய பேப்பரால் ஒரு துடை. ஓர் அண்டாவுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. துடைத்த அண்டாவுக்குக் கொதிநீர் தேவைப்படாது, வெதுவெதுப்பே போதும், சோப்பும் பாதி போதும். சோப்பு அதிகமானால் எண்ணெய் பொடிப்பொடியாகத் தண்ணீரோடு கலந்து ட்ராப்பில் நிற்காமல் போய்விடும், அதனால் இதில் இரட்டை லாபம். வாழை இலையில் பரிமாறுகிறீர்கள் என்றால் தட்டுப் பிரச்சினை உங்களுக்குப் பெரிதாக இருக்காது. எவர்சில்வர் தட்டுக்கு மாறும் யோசனை இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் கணக்கு சொல்ல மாட்டேன். மே மாதக் கூட்டமும் ஆகஸ்ட் மாதக் கூட்டமும் ஒன்றா? அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மேலே மிதப்பதும் அடியில் படிந்ததும் சேர்ந்து, தண்ணீர் ஆழத்தில் கால் பங்கை எட்டினால் சுத்தம் செய்துவிட வேண்டும், இதுதான் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் விதி. உங்கள் பெட்டியில் ஆழம் 12 அங்குலம், ஆக மொத்தம் 3 அங்குலம். அளக்க இரண்டு குச்சி போதும். தடித்த கம்பி ஒன்றை நுனியில் 'ட' போல மடக்கிக்கொள்ளுங்கள். மேல் படலத்தைக் குத்தி உள்ளே விட்டு, கால் திருப்புத் திருப்பி, மெதுவாகத் தூக்குங்கள். மடங்கிய நுனி படலத்தின் அடியில் தட்டும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படலத்தின் மேல்மட்டம் வரை ஸ்கேல் வைத்தால் மிதப்பின் கனம் தெரிந்துவிடும். அடிச் சகதிக்கு ஒரு மூங்கில் குச்சியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றி, தரை தட்டும்வரை இறக்கி, அரை நிமிடம் வைத்து எடுங்கள். துணியில் கறுத்த பட்டை எத்தனை அங்குலமோ அத்தனை சகதி. இரண்டு வாரம் தினமும் காலையில் இப்படி அளந்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதி வாருங்கள். கூட்டம் உள்ள நாள், இல்லாத நாள் என்று உங்கள் மெஸ்ஸுக்கான கணக்கு உங்களுக்கே பிடிபடும். இந்தச் சின்னப் பெட்டிக்கு சீசனில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

சுத்தம் செய்யும் நேரம் விடியற்காலை, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால். ராத்திரி முழுக்க ஆறி மேல் படலம் கெட்டியாக இருக்கும், ஓட்டைக் கரண்டியில் பாளம் பாளமாக எடுக்கலாம். அதே படலத்தை மதியம் எடுக்கப் போனால் கூழாகக் கையில் வழியும். அதை எடுத்த பிறகு நடுத்தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு வைத்துக்கொள்ளுங்கள், அடிச் சகதியை வாரி எடுங்கள், தகட்டையும் டீயையும் சுரண்டுங்கள். மொண்டு வைத்த தண்ணீரையே திரும்ப ஊற்றாமல் பச்சைத் தண்ணீரால் நிரப்பி மூடிவிடுங்கள். காலியாக விட்டுவிட்டால் அடுத்து வரும் முதல் எண்ணெய் தடுப்புக்கு அடியில் புகுந்து நேராக வெளியே போய்விடும், நிறையப் பேர் மறப்பது இந்த ஒன்றைத்தான். மொண்ட தண்ணீரைப் பெட்டி நிரம்பிய பிறகு சிங்க் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

அக்கா மறுப்பதில் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் திறக்காத பெட்டியை யார் திறந்தாலும் குமட்டும். முழங்கை வரை ரப்பர் கையுறை, முகக்கவசம், தனி ஏப்ரன் வாங்கிக் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை உங்கள் கணவர் கூட நின்று செய்யட்டும். அதை அக்காவின் வேலைப் பட்டியலில் சேர்ப்பதானால் சம்பளத்திலும் சேருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுக்கும் கொழுப்பில் பெரிதாக நாற்றமே இருக்காது. ஆனால் புதிதாகக் கட்டப்போகும் சேம்பர் விஷயம் வேறு. மூடியைத் திறந்து பத்து நிமிடம் காற்று போகவிட வேண்டும், பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது, முகத்தைக் குனிந்து உள்ளே பார்க்கக் கூடாது, எல்லாம் மேலே நின்றபடி நீளக் கைப்பிடிக் கரண்டியால்தான். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிடும், வாடை நின்றுவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து. பாதுகாப்பில்லாமல் செப்டிக் டாங்க்குக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

என்சைம் பவுடர் வேண்டாம். என்சைம் மட்டும் உள்ள சரக்கு கொழுப்பை உடைத்து ட்ராப்பைத் தாண்ட வைக்கும், தாண்டியது கீழே போய்ச் சேரும். பாக்டீரியா கலந்ததென்றால், அந்த உயிருக்குச் சூடு வேண்டும். 10, 12 டிகிரித் தண்ணீரில் அது வேலை செய்யும் வேகத்தைவிட உங்கள் பரோட்டா மாஸ்டர் டால்டா போடும் வேகம் அதிகம். ட்ராப்பைத் திறக்கவே வேண்டாம் என்று எந்த வியாபாரி சொன்னாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எடுத்த கொழுப்பை மரத்தூளில் பிசறி, கெட்டியான பையில் கட்டி, மூடியுள்ள டிரம்மில் வைத்து, அதை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓடையிலோ சோலை ஓரத்திலோ கொட்டிவிட வேண்டாம். காட்டுப்பன்றிக்கு ஒரு தடவை ருசி காட்டினால் தினம் ராத்திரி உங்கள் கொல்லைக்கு வந்து நிற்கும். நீலகிரியில், கோத்தகிரி பக்கத்தில், எண்ணெய் வாசத்துக்குக் கரடி கடைக் கதவையே பெயர்க்கிற கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாணலியில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் வேறு கணக்கு, அதை ட்ராப்புக்கு வரவே விடாதீர்கள். தனி டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்கும் பதிவு பெற்றவர்களிடம் ரசீதோடு கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கிய ரூகோ திட்டம் இதற்காகத்தான். ரசீது இல்லாமல் நல்ல விலை தருகிறேன் என்று வருகிறவரிடம் கொடுத்தால், அது எந்த வண்டிக்கடைச் சட்டிக்குத் திரும்பிப் போகும் என்று நமக்குத் தெரியாது.

கடைசியாகக் கீழ் வீட்டுக்காரர். அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். உறிஞ்சு குழியின் பக்கவாட்டு மண்ணில் கொழுப்பு படிந்தால் தண்ணீர் இறங்கும் துளைகள் அடைபட்டுப் போகும். சமதரை என்றால் குழி நிரம்பி உங்கள் வாசலிலேயே வழியும். மலைச்சரிவில் தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடி, அடுத்த படிக்கட்டுத் தோட்டத்தின் கல்சுவர் இடுக்கில் எட்டிப் பார்க்கும். ஈரம் ஊறிய கல்சுவர் மழைக்காலத்தில் சரியவும் கூடும், ஆகையால் அவர் கோபத்தைச் சும்மா தள்ளாதீர்கள். செப்டிக் டாங்க்கை லாரி வைத்து ஒருமுறை முழுக்க உறிஞ்சச் சொல்லுங்கள், மேலே வெள்ளைப் பாளம் மிதக்கிறதா என்று அப்போது நீங்களே பாருங்கள். மிதந்தால் உறிஞ்சு குழியும் அடைபட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, சரிவின் விளிம்பிலிருந்து தள்ளி, மேல்பக்கமாகப் புதுக் குழி ஒன்று போட வேண்டியிருக்கும். சேம்பர் வேலை தொடங்கும் முன்பு அவரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும்.

கூட்டம் ஏப்ரலில் ஏறும், சிமெண்ட் ஆற நேரம் வேண்டும், அதனால் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். கொத்தனாரிடம் நான்கு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியே போகும் குழாய், உள்ளே வருவதைவிட 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வாயிலும் டீ, வெளிவாய் டீயின் கால் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நிற்க வேண்டும். உள்பூச்சு வழவழப்பாக, மூலை மழுங்கலாக இருந்தால்தான் சுரண்ட வரும். மூடி ஒரே கனமான ஸ்லாப்பாக வேண்டாம், இரண்டாகப் பிரித்து, கைப்பிடி வைத்து, ஓர் ஆளே தூக்கும் கனத்தில் போடச் சொல்லுங்கள். தூக்க முடியாத மூடியை யாரும் திறப்பதில்லை.